பீச்சாங்கால்

விமானப்படைப் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தபோது எனக்கு இருபது வயது. போய்ச் சேர இரண்டரை மாதம் இருந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை துறைமுகத்துக்குப் போனவர்கள் உண்டு, பெரம்பூர் ரயில்வே பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. ஆகாயத்துக்கு யாரும் போனதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் பால்காரரிடம்கூட ஆங்கிலத்தில் பேசினேன். அவர் என்னைப் பார்த்தாலே அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த இரண்டரை மாதத்தில் முன்கூட்டியே படித்துக்கொண்டு போகலாமா, கூடாதா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. மூர் மார்க்கெட்டில் அலைந்து, வெள்ளைக்காரச் சிப்பாய் யாரோ விட்டுவிட்டுப் போன விமானம் ஓட்டும் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். அட்டை இல்லை. நடுவில் ஏழெட்டுப் பக்கங்களும் இல்லை. இருந்த பக்கங்களை இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

என் நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் துறைமுகத்தில் சுக்கானி. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் சின்ன லாஞ்சின் பின்பக்கம் நின்று, சுக்கான் கட்டையைப் பிடித்து ஓட்டுவது அவர் வேலை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குடா இந்த அவசரம்? கத்துக்குடுக்கத்தான சர்க்காரே கூப்புடுது? ஒண்ணும் தெரியாதவனாவே போ."

"தெரிஞ்சுகினு போனா நல்லதுதான நைனா?"

"நம்ம லாஞ்சுக்குப் புதுசா வர்றவன் ஒண்ணும் தெரியாம வந்தான்னு வெச்சுக்கோ, ஒரு மாசத்துல சுக்கான் புடிப்பான். அரைகுறையா தெரிஞ்சுகினு வந்தான்னா, மொதல்ல அதைக் கழட்டணும், அப்பால வேற மாட்டணும். ரெட்டை வேலை. பேஜாரு."

"அதெல்லாம் தண்ணிக்கு நைனா. இது ஆகாசம்."

அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் முடிந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. கை என்பதைவிடக் கால் என்று சொல்ல வேண்டும். விமானத்தில் உட்காருபவனின் காலடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும், நடுவில் ஆணி வைத்து இரண்டு பக்கமும் அசையும், அதில் பாதங்களை வைத்துத்தான் மூக்கைத் திருப்ப வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருந்தது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை ஒன்றைத் தேடிப்பிடித்து, நடுவில் போல்ட்டு அடித்து, பெஞ்சுக்கு முன்னால் தரையில் வைத்தேன். குடைக்கம்பு ஒன்று கைப்பிடி ஆனது. என் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதிரில் நின்று, "லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!" என்று கத்துவாள். நான் பலகையை மிதிப்பேன்.

"இன்னாண்ணா, வூட்டையே தூக்கினு பறந்துடுவ போலக்கீது!" என்று அவள் சிரிப்பாள். எனக்கு ரோஷம் வரும், இன்னும் ஓங்கி மிதிப்பேன். இரண்டு மாதத்தில் அவள் வாயைத் திறப்பதற்குள் என் கால் அசையும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

எந்தக் காலை அழுத்தினால் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பது, தொலைந்துபோன பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. சுக்கானியின் மகனுக்குத் தெரியாதா? சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வந்த விஷயம். ஆகவே தங்கச்சி 'லெஃப்ட்' என்றால் நான் வலது காலை அழுத்தினேன், 'ரைட்' என்றால் இடது காலை. நைனாவின் பேச்சைத் தள்ளிவிட்டு நைனாவின் லாஞ்சைத் தூக்கிக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பயிற்சி முகாம் வடக்கே, செம்மண் மைதானம் ஒன்றில் இருந்தது. வகுப்பில் நான்தான் ராஜா. இன்ஜின், காற்று, வரைபடம், மோர்ஸ் சங்கேதம் என்று எதைக் கேட்டாலும் முதல் கை என்னுடையது. ராத்திரி பகலாகப் படித்தும் தடுமாறிய பையன்கள் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தார்கள். அந்த நாட்களின் மிதப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இல்லை. உழைத்துச் சம்பாதித்தது அது.

மைதானத்தில் கதை வேறு. எங்களுக்கு இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம். பயிற்சி கொடுக்கும் அதிகாரி முன் இருக்கையில், நான் பின் இருக்கையில். அவர் பேசுவது ஒரு குழாய் வழியாக என் காதுக்கு வரும். நெட்டையான பஞ்சாபிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஓட்டமெடுத்ததும் அந்த விமானத்தின் மூக்கு வலப்பக்கம் இழுக்கும். இடது காலை அழுத்தி நேராக்க வேண்டும். முதல் தடவை அவர் "லெஃப்ட்" என்றார். என் வலது கால் பாய்ந்து அழுத்தியது. விமானம் புல்வெளியில் ஒரு வட்டம் அடித்து, புறப்பட்ட திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். இடது என்றால் இடது கால் என்று அறிவுக்கு நன்றாகப் புரிந்தது. வாயால் சொல்லிக்கொண்டே ஏறுவேன். அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் கால் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். ஒரு வாரம் கழித்து அவர் என்னைக் கீழே இறங்கச் சொல்லி, புல்லில் உட்காரவைத்து, கண்ணை மூடு என்றார்.

"லெஃப்ட்."

என் வலது பாதம் புல்லைத் தள்ளியது.

"யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

பலகையையும் லாஞ்சையும் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை. "இன்னும் இரண்டு தடவைதான் உன்னை மேலே கூட்டிப்போக முடியும். அதற்குள் சரியாகவில்லையென்றால் முகாமின் பெரிய அதிகாரி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்" என்று மட்டும் சொன்னார்.

கைப்பெட்டியோடு எங்கள் தெருவுக்குள் திரும்பி நடப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் முழுக்க மைதானத்து ஓரத்தில் நடந்துகொண்டே யோசித்தேன். 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டும் எனக்குக் கெட்டுப்போய்விட்டன, அவற்றைத் திருத்த இரண்டு தடவை போதாது. புத்திக்குப் போகாமல் நேரே உடம்புக்குப் போகிற வேறு சொல் வேண்டும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் இடது கையை நீட்டி எதையாவது வாங்கினால் அம்மா புறங்கையில் பட்டென்று ஒன்று வைப்பாள். "பீச்சாங்கையில வாங்காத!" கால் கழுவுகிற கை பீச்சாங்கை, சாப்பிடுகிற கை சோத்தாங்கை. எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

மறுநாள் காலை. விமானம் ஓட ஆரம்பித்தது. மூக்கு வலப்பக்கம் இழுத்தது. "பீச்சாங்கால்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இடது கால் அழுத்தியது. மூக்கு நேரானது. கொஞ்சம் அதிகமாகிவிட்டது. "சோத்தாங்கால்!" சரியானது. சக்கரங்கள் தரையை விட்டன. முன் இருக்கையில் அவர் தலை இரண்டு தடவை திரும்பியது.

இறங்கியதும் அது என்ன பாஷை என்று கேட்டார். எங்கள் பிரிவில் மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் இருந்தான், நல்லவன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "நாலு பேர் முன்னால இப்படிப் பேசாதயேன், எல்லாரும் மெட்ராஸே இப்படித்தான்னு நினைச்சுப்பா" என்பான். பக்கத்தில் நின்ற அவனிடம் அதிகாரி அர்த்தம் கேட்டார். அவன் முகம் சிவந்து, "ஏதோ வட்டார வழக்கு, சார்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சோற்றைக் காப்பாற்றிய சொல்லுக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? எந்தக் கை எதைச் செய்கிறதென்று கையால் காட்டியே விளக்கினேன். அந்த நெட்டை மனிதர் இறக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மறுநாளிலிருந்து குழாயில் "லெஃப்ட்" வரவில்லை. பஞ்சாபி நாக்கில் உருண்டு, "பீச்சா! பீச்சா!" என்று வந்தது. ஒரு மாதத்தில் மைதானம் முழுக்க அது பரவி, மராத்திக்காரனும் வங்காளியும் பீச்சா போட்டுத் திரும்பினார்கள். எங்கள் ராயபுரத்துப் பாஷை அந்தக் காற்றில் பறந்தது. அதைவிடப் பெரிய கௌரவம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

முன்கூட்டியே படிக்கலாமா என்று பிற்பாடு என்னைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து படிப்பதைத் தாராளமாகப் படி, உடம்புக்கு மட்டும் எதையும் நீயாகப் பழக்கிவைக்காதே என்பேன். நைனா சொன்னதில் பாதி சரி, நான் செய்ததில் பாதி சரி. அவர் சொன்னது முழுதும் சரியென்று ஒப்புக்கொள்ள அப்போதும் மனசு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

பிறகு ஒரு காலை, நாலைந்து சுற்று முடிந்து தரையிறங்கியதும், அதிகாரி இன்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. தானே எழுந்து இறங்கி, முன் இருக்கைப் பட்டைகளை இறுக்கிக் கட்டினார். என் பக்கம் வந்து தோளைத் தட்டிவிட்டுப் புல்லில் நடந்து போனார். எனக்கு முன்னால் யாருமில்லை.

விசையைக் கூட்டினேன். மூக்கு வழக்கம்போல வலப்பக்கம் இழுத்தது, அடங்கியது, வால் தூக்கியது. ஓர் ஆள் பாரம் குறைந்ததால் நினைத்ததைவிடச் சீக்கிரமே தரை கீழே போய்விட்டது. மரங்கள் சின்னதான பிறகுதான் உறைத்தது: நான் கத்தவில்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. வாய் மூடியே இருந்தது. கால்கள் தாமாகவே வேலையைச் செய்து முடித்திருந்தன. பெருமையில், வெட்டவெளியில் தனியாக, வாய்விட்டு அழுதேன்.

இறங்கும்போது ஒரு தடவை துள்ளியது. நிறுத்தினேன். அவர் மெதுவாக நடந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போ" என்றார்.