எதிர் வீட்டை வாங்கியவர்

என் சித்தப்பா பழைய மரச்சாமான் வியாபாரி. வாங்கிப்போன மேசை ஆடுகிறது, பீரோ வாசலில் நுழையவில்லை என்று யார் திருப்பிக் கொண்டுவந்தாலும் ஒரே பதில்தான். "உங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, வாங்குனீங்க. புடிச்சதுல என்னங்க தப்பு?" வந்தவர் சாமானைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு தொழில் விதியும் வைத்திருந்தார். வேண்டும் என்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும். பேரம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. வீட்டிலும் அப்படித்தான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

ஒரே மகள் கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். தினமும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவள் வீட்டுக்கு எதிர் வீடு விலைக்கு வந்ததும் கடையை விற்று அதற்கு முன்பணம் கொடுத்தார். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்றாள் சித்தி. "விஷயம் வெளிய போச்சுன்னா விலை ஏறிடும்" என்றார்.

பத்திரப்பதிவு முடிந்த கையோடு, சாவியும் தானுமாக மகள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அந்த வாரமே கிளம்புகிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"விசா கைக்கு வரட்டும்னு இருந்தேம்ப்பா. முடியுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் கொடுமை. சித்தப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டி கட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஆசை அவரவருடையது, அதில் அடுத்தவன் சரி தப்பு பார்க்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பணம் கொடுத்தது மகள் முகத்துக்கு, கைக்கு வந்தது நாலு சுவர். இதற்குத் தப்பு என்று பெயரில்லாமல் வேறென்ன பெயர்? ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"வித்துடுங்க சித்தப்பா. வேற கடை போடலாம்."

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மகள் இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். எதிர் வீட்டுக்கே குடிவந்துவிட்ட சித்தப்பா காலையிலேயே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். போன வாரம் அந்த வீட்டுப் பெண் வந்து சித்தியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் தினம் எங்க வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் சொல்லி வைங்க."

சித்தி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.