முட்டைக்கோஸ் லோரியில் ஒரு கன்ட்ரி பஞ்சாயத்து

கல்யாணம் நிச்சயமான பிறகு நானும் அவரும் போட்ட முதல் சண்டை சேலைக்காகவோ நகைக்காகவோ இல்லை. விருந்தில் எந்த கன்ட்ரி இசை ஆல்பத்தைப் போடுவது என்பதற்காக. மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தியும், திரிங்காப்பில் காய்கறி ஏற்றிக் கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிற ஒருவரும், அமெரிக்காவில் யாரோ கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுவதற்காக இப்படி முட்டிக்கொள்வார்களா? முட்டிக்கொண்டோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

எங்கள் ரசிகர் மன்றத்தில் மூன்றே பேர். நான், அவர், என் பெரியம்மா மகள். அக்கா தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். இந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது அவளைத்தான். புதிதாக என்ன கன்ட்ரி ஆல்பம் வந்தாலும் இணையத்தில் தேடிப் பிடித்து வாங்கிவிடுவாள். ஆனால் எங்கள் தோட்டத்தில் போன் சிக்னல் விருந்தாளி மாதிரி, வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் அக்கா பாட்டுகளைப் பெண்டிரைவில் போட்டு, தெரிந்த லோரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவாள். அவர் தோட்டத்து முச்சந்தியில் ஹாரன் அடிப்பார், நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். முதலில் பெண்டிரைவ் மட்டும்தான் கை மாறியது. அப்புறம் "எப்படி இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி. அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அரை மணி நேரம் போதவில்லை.

"தேயிலைத் தோட்டத்துல கோபிஸ் லோரிக்கு என்னா வேலை?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். கோபிஸ் என்றால் முட்டைக்கோஸ். கேட்ட தொனியிலேயே விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. பெரியவர்கள் பேசினார்கள், தட்டு மாற்றினார்கள், எல்லாம் மளமளவென்று நடந்தது.

ரசனையில் மட்டும் நாங்கள் எலியும் பூனையும். அவர் அசல் கன்ட்ரிக் கட்சி. பாட்டில் ஒரு லோரி, ஒரு நாய், ஒரு அம்மா வந்தாக வேண்டும். மூன்றும் வந்தால் கண் கலங்கிவிடுவார். நான் ஆல்ட்-கன்ட்ரிக் கட்சி. பளபளப்பு இல்லாமல், கொஞ்சம் கரடுமுரடாக, பாடுகிறவர்களுக்கு உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்ற வேண்டும்.

"அது என்னா ஆல்ட்? காய்ச்சல் வந்த கன்ட்ரியா?" என்பார்.

"உங்க ஆளு பாடுறது பல்பசை விளம்பரம் மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே அழுவறான்," என்பேன்.

அக்கா மதில் மேல் பூனை. ரொட்டி சானாய் கடையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து கத்தும்போது, யார் சொன்னாலும் "அதுவும் சரிதான்லா" என்று தலையாட்டி, யார் தட்டிலாவது கை வைப்பாள்.

கல்யாண விருந்துக்கு அம்மா ஒரு சலுகை கொடுத்தார். "சாப்பாடு போடுற ஒரு மணி நேரம் உங்க வெள்ளைக்காரன் பாட்டு ஓடட்டும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் ஒயரைப் பிடுங்கிருவேன்." ஒரு மணி நேரம் என்றால் ஒரே ஒரு ஆல்பம். அவருடையதா, என்னுடையதா?

நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சேலை நிறத்தை அத்தைகள் முடிவு செய்தார்கள். சமையல்காரரை மாமா முடிவு செய்தார். என் தலையில் எத்தனை முழம் பூ வைப்பது என்பதைக்கூட யாரோ முடிவு செய்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கல்யாணப் பெண்ணின் கோபத்தை எல்லோரும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்தில் என்னுடையது என்று எனக்கு மிஞ்சியது அந்த ஒரு மணி நேரம்தான். அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆல்பம் ஒரு பெண் பாடியது. தொண்டையில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்ட குரல். ஒரு தம்பதியின் கதையைத் தொடர்ச்சியாகப் பாட்டாக்கியிருந்தாள். முதல் பாட்டில் மனைவி வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். அப்புறம் கோர்ட்டு, அடுப்படிச் சண்டை, நடுரோட்டில் நின்றுபோன வண்டி. கடைசிப் பாட்டில் கல்யாணம்! மழையில் நனைந்த சேற்றுச் செருப்போடு இருவரும் ஆடுகிறார்கள். கதையைப் பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நான்தான் கண்டுபிடித்தேன். நான் வேலை செய்வது தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில். அங்கே ஒரு பழைய ரேடியோ இருக்கிறது, பெண்டிரைவ் செருகினால் பாடும். தேநீர் இடைவேளையில் அதில் கேட்டுக் கேட்டு, இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணுக்குக்கூடக் கையைக் காலை ஆட்டி விளக்கினேன்.

"பிரிவுல ஆரம்பிச்சுக் கல்யாணத்துல முடியுது. விருந்துக்கு இதைவிடப் பொருத்தமா ஒன்னு இருக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"நடுவுல உள்ள பாட்டு முன்னப்பின்ன வருதே?"

"ஞாபகம் அப்படித்தாங்க வரும். முன்னப்பின்னதான் வரும்." அதோடு விட்டேனா? "நான் தேத்தூள் ஃபேக்டரில வேலை செய்யிறவ. இலையை வாட்டிட்டுதான் உருட்டணும், உருட்டிட்டுதான் காய வைக்கணும். முறை மாறினா எல்லாம் குப்பை. வரிசையைப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தராதீங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பஞ்சாயத்துக்கு அக்கா ஒரு வழி சொன்னாள். மலை இறங்கும்போது கேட்டுக் குமட்டாத ஆல்பம்தான் நல்ல ஆல்பம் என்பது எங்கள் மன்றத்தின் பழைய சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு, திரிங்காப்பிலிருந்து ரிங்லெட் வரை லோரியில் போனோம். நிச்சயமானவர்கள் ஒட்டி உட்காரக்கூடாது என்று அக்கா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உடம்பு சுவர் மாதிரி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது.

முதலில் அவருடைய ஆல்பம். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே காலால் தாளம் போடத் தோன்றி, காலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தானா ராத்தா தாண்டியதும் என்னுடையதை மாற்றினோம். சாவிப் பாட்டு வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளேயரின் பொத்தானை இரண்டு மூன்று முறை அமுக்கிக்கொண்டே வந்தார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. அது தானா அடுத்த பாட்டுக்குப் போவாதா?" என்று நான் அதட்டினேன்.

"பழைய செட்டு. தள்ளிவிட்டாதான் போவும்," என்றார்.

ரிங்லெட் வந்தபோது அக்கா மூக்கைச் சிந்தினாள். கல்யாணப் பாட்டில் விக்கி விக்கி அழுதிருந்தாள். "தங்கச்சி ஆல்பம்தான்லா," என்று தீர்ப்புச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். நான் கையைத் தட்டிக் குதித்ததில் தலை லோரிக் கூரையில் இடித்துப் புடைத்தது. வலிக்கவே இல்லை.

கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடிந்து, தானா ராத்தாவில் மண்டபத்துக்கு வந்தோம். விருந்துக்காக எனக்குச் சேலை மாற்றிவிட்ட அக்கா, ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டே போனைப் பார்த்தாள். அந்த ஆல்பத்தைப் பற்றி அமெரிக்க ரசிகர்கள் எழுதியதை அன்றுதான் படித்தாளாம். திடீரென்று ஊசிகளைக் கீழே துப்பினாள்.

"அடியேய். இது கல்யாணத்துல ஆரம்பிச்சு, சாவியை வச்சிட்டுப் போறதுல முடியுதுடி! கடைசிப் பாட்டைக் கேட்டு ரெண்டு நாள் சாப்பிடலன்னு ஒருத்தி எழுதியிருக்கா!"

"இருக்காதுக்கா. நான் ரேடியோல கேட்டேன்."

"அந்த ஓட்டை ரேடியோ ஏ பி சி டி பாத்துப் பாடும்டி! பேரோட மொத எழுத்தைப் பாத்து எடுக்கும்! நான் எப்பவும் கலைச்சுப் போட்டுக் கேக்கறவ, எனக்கு எங்க தெரியும்?"

ஒலிபெருக்கிக்காரரின் கணினியில் ஆல்பம் அசல் வரிசையில்தான் ஓடும். சாப்பாட்டு நேரம் முடிகிறபோது, சொந்தக்காரர்கள் பாயசம் குடிக்கிறபோது, என் கல்யாண விருந்து விவாகரத்தில் முடியப்போகிறது. அதையும் நானே சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால், அதற்குள் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். படம் எடுக்க வரிசையில் ஐம்பது பேர். பக்கத்தில் அவர் மாப்பிள்ளைச் சிரிப்போடு நின்றார்.

"வரிசை தப்புங்க," என்று பல்லைக் காட்டிக்கொண்டே முனகினேன். "ஆல்பம் தலைகீழா ஓடப்போவுது. நிறுத்தச் சொல்லுங்க."

"கேமராவைப் பாரு," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். சேற்றுச் செருப்புப் பாட்டின் துள்ளலான பேஞ்சோ வாத்தியம் இப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை. மெதுவாக, இழுத்து, ஸ்டீல் கிட்டார் அழுதது. சாவிப் பாட்டு! என் வரிசை!

திரும்பி அவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் மாலை குலுங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் பாட்டுக்கெல்லாம் உன் வரிசைப்படி நம்பர் போட்டு ஒலிபெருக்கிக்காரருகிட்ட குடுத்தேன்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே. மலை இறங்கி தாப்பா ஊரைத் தொடறதுக்குள்ள. என் போன்ல சரியான வரிசை இருந்துச்சே."

அப்போதுதான் லோரி ஞாபகம் வந்தது. "அப்போ அந்தப் பொத்தான்..."

"செட்டு புதுசுலா. தானா போவும். உன் வரிசை வரணும்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் தேடித் தேடி அமுக்கினேன். ஒரு வளைவுல லோரியே போயிருக்கும்."

"சொல்லியிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

அவர் தூரத்து மாமா ஒருவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொன்ன மாதிரி கேட்டுட்டு, பாடின அந்தம்மா வச்ச வரிசையில கேக்க முடியல. ரெண்டு பேரும் பிரிஞ்சே போயிடுறாங்க. உன்னுதுல கடைசில சேந்துர்றாங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என்னுடையது என்று ஊரோடு மல்லுக்கட்டினேன். அதை இந்த மனுஷன் வளைவுக்கு வளைவு ஒற்றை விரலால் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். படத்தில் என் மூக்கு சிவந்து, வாய் காதுவரை போயிருக்கிறது. அத்தைகளுக்கு இன்றும் அந்தப் படம் பிடிக்காது.

சேற்றுச் செருப்புப் பாட்டு தொடங்கியபோது ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. அம்மா நேராகப் போய் ஒயரைக் கையில் பிடித்தார். பேஞ்சோ துள்ளியது. குழந்தைகள் பந்தி நடுவில் ஆடத் தொடங்கினார்கள். அம்மா எங்களைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார்.

"இது என்னா பாட்டு?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"கல்யாணப் பாட்டும்மா!" என்று நான் கத்தினேன்.

"சரி, முடியட்டும்," என்று அம்மா ஒயரை விட்டார்.