கிழிவதற்காகத் தைத்தது

உயரத்தில் வேலை செய்பவர்கள் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டைத் தைக்கிற தொழிற்சாலையில் மூன்றாவது மெஷின் அவளுடையது. பட்டையை அடுக்கடுக்காக மடித்து, மடிப்புகளைச் சேர்த்துத் தைத்து, பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வரும் சின்ன உறைக்குள் அடைக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் ‘நாடாக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தான் தைத்த உறை ஒன்று பிரிந்து அவள் பார்த்ததேயில்லை.

அன்று மதியம் ஒரு பெயிண்டர் விறுவிறுவென்று வந்து மேஜைமேல் பெல்ட்டை வீசினார். உறை கிழிந்து, பட்டை குடல் சரிந்ததுபோல் தொங்கியது.

“இதுதான் நீங்க தைக்கிற லட்சணமா? ஒரே ஒரு தடவை விழுந்ததுக்கே எல்லாம் புட்டுக்கிச்சு!”

சூப்பர்வைசர் நாடாக்காவைக் கூப்பிட்டார். நாடாக்கா எழுந்து வந்து பார்த்தாள். உறையில் தைத்திருந்த சீட்டில் அவளுடைய மெஷின் எண்.

“அண்ணே, எவ்வளவு தூரம் விழுந்தீங்க?”

“ஏழாவது மாடிச் சாரத்துல நின்னேன். கயித்துக் கொக்கியைக் கால்கிட்ட மாட்டியிருந்தேன். கயிறு விறைக்கிறதுக்குள்ள மூணு மீட்டர் போயிட்டேன்.”

“எடை?”

“எழுபது கிலோ.”

பிரிந்த பட்டையை அளந்தாள். சரியாக ஒரு மீட்டர். பள்ளியில் அவள் ஆசையாகப் படித்த ஒரே பாடம் இயற்பியல். அட்டைப்பெட்டியின் முதுகில் எழுதினாள்.

“மொத்தம் நாலு மீட்டர் இறங்கியிருக்கீங்க. அந்த வேகம் பூராவும் கடைசி ஒரு மீட்டர்ல அடங்கியிருக்கு. அப்போ சராசரியா உங்க எடையைப்போல நாலு மடங்கு. இருநூத்தெண்பது கிலோ பாரம் உங்களை மேல இழுத்திருக்கு.”

“அம்மாடி! அதான் தோள் இந்த வலி வலிக்குது.”

“தையல் விடலைன்னு வையுங்க. கயிறு நீள்றது பத்து சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள நின்னாகணும்...”

பென்சில் நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே விடை.

“முப்பத்தோரு மடங்கு. ரெண்டு டன்னுக்கு மேலண்ணே.”

சண்டைக்கு வந்தவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“முதுகெலும்பு முறிஞ்சிருக்கும்... அப்போ, இது கிழியணும்னேதான் தைச்சதா?”

“ஆமாண்ணே. ஒவ்வொரு தையலா அறுந்து உங்களைக் கொஞ்சங்கொஞ்சமா நிறுத்தியிருக்கு.”

அறுந்த நூல்முனைகளை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். புது பெல்ட் கொடுத்தார்கள். பழைய பட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

நாடாக்கா மெஷினுக்குத் திரும்பினாள். பல்லால் கடித்தால் அறுந்துபோகிற நூல் இது. இது ஒரு மனுஷனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது! அடுத்த பட்டையை ஊசிக்கடியில் வைத்தவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொஞ்ச நேரம் பெடலை மிதிக்கவே முடியவில்லை.