கிளாரெட்டும் படிக்கமும்

கபர்னே சொவினியோன், மெர்லோ, கபர்னே பிராங், பெத்தி வெர்தோ, மல்பெக். பிரான்சின் போர்தோ பகுதியில் சிவப்பு வைன் செய்யக் கலக்கிற இந்த ஐந்து திராட்சைகளின் பெயர்களையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த வைனுக்கு இங்கிலாந்துக்காரர் வைத்திருக்கும் பெயர் கிளாரெட். எண்பதுகளின் கடைசியில், லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வைன் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று, ஒன்றரை வருடம் இதையெல்லாம் விளக்கி விளக்கி விற்றேன். ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் பட்டதில்லை.

அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. செருப்புக் கடைக்காரன் எல்லாச் செருப்பையும் காலில் போட்டுப் பார்த்தா விற்கிறான்?

அதற்கு முந்திய எட்டு மாதமும் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் தலைக்கு வலை போட்டுக்கொண்டு பாணுக்கு நடுவில் முட்டை வைத்தேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது, வாயும் சும்மா இருக்காது. அங்கே இரண்டையும் கட்டிப்போட்டிருந்தார்கள். "முடிந்ததா?" என்பதைத் தவிர யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. வைன் கடையில் கதை வேறு. ஓய்வுபெற்ற ஒரு மனிதர் வந்து, "இன்றைக்கு வீட்டில் ஆட்டிறைச்சி, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்து நிற்பார். லண்டனுக்கு வந்த பிறகு என் பதிலுக்காக ஒருவர் காத்து நின்றது அங்கேதான். அந்த வேலையை எதற்காகவும் விடுவதில்லை என்று இருந்தேன்.

அவருக்குப் போர்தோவில் ஓடுகிற ஆற்றிலிருந்து தொடங்குவேன். இடது கரையில் கூழாங்கற்கள். பகல் வெயிலைக் கல் பிடித்து வைத்திருக்கும், பிந்திப் பழுக்கிற கபர்னே சொவினியோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில் களிமண், அங்கே முந்திப் பழுக்கிற மெர்லோ. இடது கரை ஆள் முரடு, வலது கரை ஆள் சாது. பெத்தி வெர்தோவைக் கறிக்கு வெந்தயம் போடுகிற அளவுக்குத்தான் சேர்ப்பார்கள். வெந்தயத்தை அந்த மனிதருக்கு எப்படி விளக்கினேன் என்பது இப்போது ஞாபகமில்லை. போத்தலை வாங்கிக்கொண்டு போனார் என்பது ஞாபகம் இருக்கிறது.

பிறகு கடை கைமாறியது. கவுண்டரில் நிற்கிற எல்லோரும் மூன்று மாதத்துக்குள் சுவைப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும், தேறாதவர்களுக்குக் கவுண்டரில் இடமில்லை என்று புது முதலாளிகள் கடிதம் அனுப்பினார்கள். அதை வாசித்த அன்று முழுக்க அடுக்கின போத்தல்களையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கடை மனேஜர் உயரமான வெள்ளைக்காரர், எதற்கெடுத்தாலும் முகம் சிவக்கிறவர். பின்னறையில் ஆறு போத்தல்களைத் திறந்து, நிலத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளியை வைத்தார். ஒரு மிடறு எடுத்து, வாயில் உருட்டி, அந்த வாளிக்குள் நேர்கோடாகத் துப்பிக் காட்டினார். "விழுங்கினால் தலைக்கு ஏறிவிடும், துப்ப வேண்டும். இப்போது நீங்கள்."

வாயில் வைத்தேன். துவர்ப்பு! டானின், டானின் என்று இத்தனை நாளும் போத்தலின் விளக்க அட்டையில் இருந்ததை வாசித்து வாசித்து விற்றது இதைத்தானா? பாக்கைக் கடித்தால் நாக்கு வறளுமே, அதே வறட்சி. எங்கள் அறுசுவையில் பேர் போட்டு வைத்திருக்கிற ஒன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு குனிந்து வாளியைப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீரில் அவருடைய எச்சில் நூல் நூலாக மிதந்தது. விழுங்கிவிட்டேன்.

என் ஊர் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் துப்புவதற்கு ஒரு பித்தளைப் படிக்கம். காலையில் அதைச் சாம்பலும் புளியும் போட்டுக் கழுவுவது என் வேலை. முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவுவேன். துப்பினவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் அதைக் கழுவினதில்லை. அதனால் யாராவது துப்புவதைக் கண்டால் எனக்குத் துப்புகிறவர் தெரியமாட்டார், கழுவப்போகிறவள்தான் தெரிவாள். அன்றைக்கு ஆறு போத்தலிலும் ஒவ்வொரு மிடறு விழுங்கிவிட்டு, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்பிடம் போய், அங்கிருந்து சாரதியைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தேன்.

இப்படியே போனால் திரும்பவும் பாணும் முட்டையும்தான். ஆகவே வீட்டில் பழகத் தொடங்கினேன். குளியலறைக் கதவைப் பூட்டி, வெறும் தேநீரை வாயில் எடுத்து, குளியல் தொட்டிக்குள் துப்புவேன். மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து கணவர் வந்திருந்தார்.

"என்னப்பா, சத்தியெடுக்கிறீரோ?"

திறந்தேன். அவருடைய முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. என்னை விழுந்துவிடாமல் பிடிக்கப்போவதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் தேநீர்க் கோப்பையைக் காட்டினேன்.

"இல்லை. வைன் துப்பப் பழகிறன்."

முகம் வாடிப்போயிற்று. எனக்குப் பாவமாக வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, அவர்மேல், கோப்பைமேல், குளியல் தொட்டிமேல். அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் குடிச்சனீரோ?"

"ஒருநாள்தான். துப்ப ஏலாமல் விழுங்கிப்போட்டன்."

"துப்பிறதுக்கும் ஒரு சோதினையோ!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, பாஸ் பண்ணும். ஆனா வெளியில மூச்சு விடாதையும். கோயில்ல ஒருத்தியின்ரை காதில விழுந்தா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கதை லண்டனின்ரை மற்றக் கோடி, சட்டன் வரைக்கும் போயிடும்."

"எனக்குத் தெரியாதே?" என்று சீறினேன். அது எனக்கு நன்றாகவே தெரியும். நானே அப்படி எத்தனை கதைகளைக் காவியிருக்கிறேன்.

பரீட்சை நகரத்துக்கு நடுவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பொட்டை எடுத்துவிட்டு, தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளை விரிப்பு விரித்த நீண்ட மேசைகள், ஆளுக்கு ஆறு கிளாஸ், இரண்டு பேருக்கு நடுவில் ஒரு எவர்சில்வர் வாளி. முதல் மிடறை வாயில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் வாளிகளை மாற்றிக்கொண்டு வந்த பெண்ணைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், ரப்பர் கையுறைக்கு மேலே ஏற்றிவிட்ட மெல்லிய காப்புகள். எங்களவர்தான். பார்த்தவுடனே தெரிந்தது.

விழுங்கினேன். இரண்டாவதையும் விழுங்கினேன். மூன்றாவதில் காது சுட்டது, தாளில் எழுத்துகள் நகர்ந்தன. கடைசி இரண்டு கிளாஸும் கிளாரெட் என்று தாளில் போட்டிருந்தது. எது எந்தக் கரை, எந்தத் திராட்சை முந்தி நிற்கிறது என்று எழுத வேண்டும். இதே வேகத்தில் விழுங்கிக்கொண்டு போனால் என் பெயரைக்கூட எழுதமாட்டேன். பக்கத்து மனிதர் குழாயைத் திறந்தது மாதிரித் துப்பிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா எங்கள் வாளியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். கழுவித் துடைத்த, பளபளக்கிற வெறும் வாளி. அவர் அடுத்த மேசைக்குத் திரும்பும்வரை பார்த்திருந்தேன். பிறகு நாலாவதை வாயில் எடுத்து, நன்றாகக் குனிந்து துப்பினேன். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டதாக எனக்குப் பட்டது. ஒருவரும் திரும்பவில்லை. மற்ற இரண்டையும் துப்பினேன். ஐந்தாவதில் பாக்குத் துவர்ப்பு, சீவின பென்சில் மணம். இடது கரை, கபர்னே சொவினியோன். ஆறாவது வழுவழுவென்று பிளம்ஸ் பழம்போல இருந்தது. வலது கரை, மெர்லோ. மளமளவென்று எழுதினேன். லண்டனில் அவ்வளவு கெட்டிக்காரியாக என்னை நான் உணர்ந்த நாள் வேறு இல்லை.

முடிந்து வெளியே வருகிற வழியில், தாழ்வார ஓரத்துத் தொட்டியில் அந்த அம்மா வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. என் காலடி கேட்டுத் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"பிள்ளை யாழ்ப்பாணமோ?"

பகல் முழுக்க எத்தனையோ பேர் துப்பினதை அள்ளின பிறகு, பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அது. என் உதடும் பல்லும் கறுத்திருந்தன. மூச்செல்லாம் வைன். கோயில், வெள்ளிக்கிழமை, சட்டன் என்று மண்டைக்குள் ஓடியது.

"பார்டன்?" என்றேன், ஒன்றும் விளங்காத வெள்ளைக்காரி மாதிரி.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "சாரி, மிஸ்" என்று சொல்லிவிட்டு வாளியின் பக்கம் திரும்பினார்.

ரயிலில் உட்கார்ந்து, எதிர்க் கண்ணாடியில் பார்த்தபோதுதான் கண்டேன். குனிந்து துப்பினபோது தாலிக்கொடி வெளியே வந்து, சட்டைக்கு மேலே முழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சையில் தேறினேன். அந்தக் கவுண்டரில் இன்னும் ஒன்பது வருடம் நின்றேன். தொப்பிக்காரர் சாகும்வரைக்கும் என்னிடமே கேட்டு வாங்கினார். கடையில் எத்தனை பேர் வேலைக்கு வந்தாலும் பின்னறை வாளியை வேறு ஒருவரையும் கழுவ விட்டதில்லை. அதனால் மனம் ஆறியது என்று சொன்னால் பொய். ஒரு கதையும் சட்டன் வரைக்கும் போகவில்லை, அந்த அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. தேர்த் திருவிழாக்களில் கூட்டத்துக்குள் அவரைத் தேடுவேன், ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி. கணவர் யாரைத் தேடுகிறீர் என்று கேட்பார், சும்மா என்பேன்.

"ஓம் அம்மா" என்று சொல்லியிருந்தால் போதும். வாய்வரைக்கும் வந்தது. அதையும் விழுங்கிவிட்டேன்.