படிக்கட்டில் விழுந்தது பொம்மை அல்ல

பியோ சுன்தொக் அக்காவை உங்களில் பலர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். முகத்தைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். கதாநாயகி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறாளே, அந்த முதுகு அவளுடையது. ஓடுகிற லாரியின் பின்கதவைப் பிடித்துத் தொங்கும் கைகளும் அவளுடையவைதான்.

அவள் எங்கள் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறாள். எங்கள் கடை என்று வாய் சொல்கிறதே தவிர, அது பாங் அம்மாவுடையது. பூசானில் மேட்டுத் தெருவுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில், பன்றி எலும்புச் சூப்பில் சோற்றைப் போட்டுக் கொடுக்கிற கடை. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிண்ணம் கழுவ வந்தவள் நான். வந்தவர்களிடம் வாய் திறந்து பேச இன்றைக்கும் எனக்குக் கூச்சம். ஆனால் கண்ணுக்குக் கூச்சம் கிடையாது. அந்தப் படிக்கட்டில் நடந்ததைக் கடைவாசலில் நின்று முழுதாகப் பார்த்தேன். அதைப் பற்றி ஊரே வாய்க்கு வந்தபடி பேசி முடித்த பிறகாவது பார்த்தவள் ஒருத்தி சொல்ல வேண்டாமா?

அக்காவின் வீட்டார் தோங்யங் கடற்கரையில் சிப்பி வளர்க்கிறவர்கள். பள்ளியில் ஜூடோ அணியில் இருந்தாள். தோள் மூட்டு ஒருமுறை நழுவியதும் அணியிலிருந்து கழித்துவிட்டார்கள். சிப்பி உரிக்கப் பிடிக்காமல் சியோல் பக்கம் போய் ஒரு சண்டைப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். ஆண்களே சவுரி முடி வைத்துக்கொண்டு கதாநாயகிகளுக்கு டூப் போட்ட காலம் அது.

"பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை? எலும்பு உடைஞ்சா உன்னை எவன் கட்டுவான்?" என்று அங்கே கேட்டார்களாம்.

"எலும்பை டாக்டர் கட்டுவாரு. நீங்க விழச் சொல்லிக் குடுங்க போதும்" என்றாளாம் இவள்.

கல்யாணம் கடைசிவரை நடக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அவள் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. சண்டைக் காட்சிகளைத் தானே அமைக்க வேண்டும், படத்தின் தொடக்கத்தில் ஸ்டண்ட் மாஸ்டர் என்று தன் பெயர் தனியாக வர வேண்டும். அவளைவிட இளையவர்கள், அவளிடம் அடி வாங்கிக் கற்றவர்கள், மாஸ்டர் ஆகிவிட்டார்கள். இவள் மட்டும் நாற்பத்தைந்து தாண்டியும் யாரோ ஒருத்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு விழுந்துகொண்டிருந்தாள்.

அப்போது வந்ததுதான் 'உப்புக்கை' படம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் போலீஸ், துறைமுகத்தில் போதைச் சரக்குக் கடத்தும் கும்பலைத் தனியாளாக அடித்து நொறுக்குகிற கதை. கதாநாயகி ஹா யேரின். சண்டை அமைத்தவர் குக் மாஸ்டர். அக்காவுக்குப் பயிற்சிக் கூடத்தில் மூத்தவர்.

பாதிப் படத்தை எங்கள் தெருவில்தான் எடுத்தார்கள். கும்பல் தலைவன் கதாநாயகியைப் படிக்கட்டின் உச்சியிலிருந்து உதைத்துத் தள்ள வேண்டும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், நடுநடுவே மெத்தை போடலாம் என்று அக்கா சொன்னாள். இயக்குநருக்கு ஒரே வீச்சில் வேண்டுமாம். அன்று தூறல் வேறு. குக் மாஸ்டர் வானத்தைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் விழுந்தாள். பாதிப் படி வரைக்கும் அது அவள் விழுந்த விழுகை. தோளைக் கொடுத்து, தாடையை மார்போடு ஒட்டி, அழகாகச் சுருண்டு வந்தாள். நடுவில் இரும்புக் கைப்பிடியில் தலை மோதியது. அதற்குப் பிறகு கையும் காலும் தனித்தனியாக ஆடின. நினைவு போய்விட்டது. மீதிப் படிகளில் உருண்டு வந்தது வெறும் உடம்பு. கீழே நின்ற கூட்டம் கைதட்டியது. நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள், பாவிகள். யேரின் குடைக்கடியில் கைக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சூப்பர், சூப்பர்" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்துவது நிற்பதற்குள் பாங் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

விலா எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருந்தன. குளிர்காலம் முழுவதும் அக்கா மாடியில் கிடந்தாள். நான்தான் சூப்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். சிரித்தால் விலா வலிக்கும். "என்னைச் சிரிக்க வைக்காதே" என்பாள். நான் என்றைக்கு யாரைச் சிரிக்க வைத்தேன்?

படம் வெளியானபோது சுவரொட்டியில் போட்டார்கள்: 'டூப் இல்லை. கயிறு இல்லை. எல்லாம் நிஜம்.' தொலைக்காட்சியில் யேரின் கண் கலங்கப் பேசினாள். "ஒவ்வொரு அடியும் நானே வாங்கினது. டூப் வச்சா ரசிகர்களுக்கு நான் உண்மையா இருக்க முடியாதே" என்றாள். கூட்டம் அலைமோதியது. மீன் கிடங்குச் சண்டை எப்படி, கப்பல் தளத்துச் சண்டை எப்படி என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். இரண்டிலும் உதைத்த கால் அக்காவுடையது.

ஒரே ஒரு இடம்தான் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. படிக்கட்டு விழுகை. அதை மட்டும் வெட்டியெடுத்து, கோமாளி இசையைச் சேர்த்து, கைபேசிக்குக் கைபேசி அனுப்பினார்கள். பொம்மையைத் தூக்கிப் போட்டு ஏமாற்றிவிட்டார்களாம். காசு கொடுத்துப் பார்க்கிறவனை முட்டாள் என்று நினைத்தார்களாம். இந்த ஒரு காட்சிக்காக இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன் என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

ஒருநாள் மத்தியானம் கடையில் இரண்டு பையன்கள் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், கைய பாருடா. துணி காயப் போட்ட மாதிரி ஆடுது."

"கழுத்தப் பாரு! பஞ்சு சரியா அடைக்கல போல."

பக்கத்து மேசையில் அக்கா கட்டுப் பிரித்த கையால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் கழுவிய கிண்ணத்தையே திரும்பக் கழுவினேன். பாங் அம்மா கரண்டியோடு அவர்கள் மேசைக்கு வந்தாள்.

"ஏன்டா, சோறு திங்க வந்தீங்களா, சிரிக்க வந்தீங்களா?"

"என்ன பாட்டி, படம் எடுத்தவங்க பொம்மைய வச்சு..."

"எவடா உனக்குப் பாட்டி? அந்தப் பொம்மை எங்க மாடியிலதான் மூணு மாசம் முனகிக்கிட்டுக் கிடந்துச்சு. பஞ்சு அடைக்கணுமா, இந்தா, உன் வாயில அடைக்கிறேன்!"

"விடும்மா, சின்னப் பசங்க" என்றாள் அக்கா. பையன்கள் ஒன்றும் புரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே குக் மாஸ்டர் வந்தார். உப்பு இறால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "சுன்தொக், அடுத்த படத்துக்கு நீதான் மாஸ்டர். கம்பெனியில பேசிட்டேன். உன் பேரு தனியா வரும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

"நிஜமாவா அண்ணே?"

"ஆனா இந்தப் படம் ஓடி முடியிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. டூப்புன்னு ஒரு வார்த்தை வெளியில வரக் கூடாது."

"இத்தனை வருஷத்துல எப்பண்ணே திறந்தேன்?"

ஞாயிற்றுக்கிழமை நம்போ தெரு தியேட்டரில் நடிகர்கள் ரசிகர்களைப் பார்க்க வந்தார்கள். குக் மாஸ்டர் அக்காவையும் வரச் சொல்லியிருந்தார். "நீயும் வா மால்சூக், தனியா உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்" என்று என்னையும் இழுத்துப் போனாள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டுவிட்டார்கள். பொடி எழுத்தில் அக்காவின் பெயர் போனபோது எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யேரின் வரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யேரின் வந்தாள். கூச்சல் அடங்கியதும் ஒரு ரசிகர் எழுந்து கேட்டார்: "படம் பிரமாதம். ஆனா அந்தப் படிக்கட்டு? ஏன் பொம்மை வச்சு ஏமாத்தினீங்க?"

யேரின் சிரித்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, குழந்தைபோல, "ஐயோ, அது ஒண்ணு மட்டும் நான் இல்லைங்க. அதுக்கு மட்டும் ஒரு டூப் அக்கா. அவங்க கொஞ்சம் சொதப்பிட்டாங்க" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அக்கா வாங்கிய உதை எல்லாம் யேரினுடையது. ஊர் சிரித்த ஒன்று மட்டும் அக்காவுடையது. இப்படி ஒரு நியாயத்தை எந்தச் சந்தையில் வாங்கினாள்?

மேடை ஓரத்தில் நின்ற குக் மாஸ்டர் எங்கள் பக்கம் பார்த்துக் கையைக் கீழே தாழ்த்திக் காட்டினார். எனக்கே அது புரிந்தது. எங்கள் ஊரில் கூட்டம் முகம் சுளித்தால், யார் தப்போ என்னவோ, ஒருவர் எழுந்து இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அப்போதுதான் கூட்டத்துக்கு மனம் ஆறும். அதற்காகத்தான் அக்காவை வரச் சொல்லியிருக்கிறார்கள். "அந்த அக்காவே இங்க வந்திருக்காங்க!" என்று தொகுப்பாளர் மைக்கில் சொல்லிவிட்டார். பாடம் பண்ணி வைத்த மாதிரி இருந்தது.

அக்கா எழுந்தாள். ஒருமுறை குனிந்திருந்தால் அவள் ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கும். குனிந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். குனியவில்லை.

"அது பொம்மை இல்லீங்க, நான்தான். கைப்பிடியில மண்டை இடிச்சு மயங்கிட்டேன். மயங்கினவ கையும் காலும் அப்படித்தான் ஆடும். மன்னிப்பு எதுக்குக் கேக்கணும்? வலிச்சதுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. மீன் கிடங்கு, கப்பல் தளம், கண்ணாடிய உடைச்சுப் பாஞ்சது, அதெல்லாமும் நான்தான். அதையும் சொதப்பினேனான்னு அவங்களையே கேளுங்க."

யேரினின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. நேரம் முடிந்துவிட்டது, படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தொகுப்பாளர் அவசரப்பட்டார். நாங்கள் வெளியே வந்தோம். அக்காவின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அதுவும் கைபேசியில் பரவியது. டூப் அக்காவுக்கு வணக்கம் என்று பாதிப் பேர் எழுதினார்கள். படம் ஓடும்போது பெயர் தேடி அலைகிற கிழவி என்று மீதிப் பேர். குறைத்த நட்சத்திரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சிலர் பெருந்தன்மை காட்டினார்கள். நட்சத்திரமும் படத்துக்குத்தான் போனது. இவளுக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த படத்துக்கு மாஸ்டராகக் குக் மாஸ்டரின் சீடன் ஒருவனைப் போட்டார்கள். அவனுக்குக் குப்புற விழவே அக்காதான் சொல்லிக் கொடுத்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது குக் மாஸ்டர் மறுபடி கடைக்கு வந்தார். சூப்பு ஆறும்வரை கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"சுன்தொக், ஒரு சிக்கல். அடுத்த படத்துல கிடங்குக் கூரையில இருந்து ஒரு குதி இருக்கு. சின்னப் பொண்ணுங்க யாரும் மாட்டேங்குறாங்க. உன்னால மட்டும்தான் முடியும்."

"மாஸ்டர்னு என் பேரு வருமா?"

"அது முடிஞ்சு போன கதைம்மா. மேலே உள்ளவங்க உன் பேர எடுத்தாலே முகத்தத் திருப்பிக்கிறாங்க. நான் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைய வாங்கிட்டு வந்திருக்கேன்."

"கதாநாயகி யாரு?"

"யேரின்தான்."

அக்கா முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்து நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அப்போ அவளே குதிக்கட்டும் அண்ணே. டூப் வச்சா ரசிகர்களுக்கு உண்மையா இருக்க முடியாதுன்னு ஊரறியச் சொன்னவளாச்சே."

"வெளையாடாத. அந்தப் புள்ள செத்துருவா."

"ஓ, அது தெரியுதா உங்களுக்கு?" என்றாள் அக்கா.

தன் கிண்ணத்தை என்னிடம் கழுவக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.