எல்லாருக்கும் ஒரே கோட்

விஜிதரன் புதிதாக எதையும் வரைவதில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் படத்தை எடுத்து, வெட்டி, ஒட்டி, மேலே நிறம் பூசுவான். அதுதான் அவனுடைய ஓவியம். கொழும்பில் அதற்குக் கைதட்டினார்கள். களுவாஞ்சிக்குடியில், அடுத்தவன் படத்தைப் பார்த்து வரைபவன் என்ற பொருளில், "பாத்துக் கீறுறவன்" என்ற பெயர்தான் மிச்சம். சொந்த ஊரில் ஒருவராவது தன் படத்தின் முன்னால் நின்று, "இது விஜிதரன்ட படம்" என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அவனைப் பல வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

இந்தமுறை அவன் எடுத்துக்கொண்டது மரண அறிவித்தல். எங்கள் பக்கம், வாழ்நாள் முழுக்கச் சாரனும் வெறும் மேலுமாக வயல்வட்டையில் நின்றவர்கூடச் செத்துப்போனால் கோட் சூட்டோடுதான் மதிலில் ஒட்டப்படுவார். அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை எடுத்து, அச்சுக்கடையில் தயாராக இருக்கும் ஓர் உடம்பின் மேல் பொருத்திவிடுவார்கள். மதில் மதிலாகப் பார்த்துத் திரிந்த விஜிதரனுக்கு ஒன்று பிடிபட்டது. சாம்பல் நிறக் கோட், சிவப்பு டை, இடது தோள் கொஞ்சம் இறக்கம். செத்தவர் எல்லாருக்கும் ஒரே உடம்பு! தலைகளை விட்டுவிட்டு அந்தக் கோட்டை மட்டும் ஆளுயரத்துக்குத் தீட்டி, ஒரு மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிட்டான்.

வந்தவர்கள் அவன் பொறுமையைச் சோதித்தார்கள். "தலை கீற வராதா மனே?" என்றார் ஒருவர். இன்னொருவர் தையல் கடை விளம்பரமா என்று கேட்டார். மனைவி கேதீஸ்வரிகூட, "எனக்கு விளங்குது, ஆனா ஊட்டுக்குள்ள தொங்கவிட ஏலாது" என்றுவிட்டாள். செவிடன் காதில் சங்கு ஊதியது போதும் என்று கசந்துபோய்ப் படங்களைக் கழற்றத் தொடங்கினான்.

அப்போதுதான் அச்சுக்கடை நல்லரத்தினம் வந்தார். ஊர் மரண அறிவித்தல்களில் பாதிக்கு மேல் அவர் அடிப்பவை. ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"இது நான் வெட்டின படமெல்லோ."

விஜிதரனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரார் சொன்னது போதாதென்று இவருமா களவுப் பட்டம் கட்ட வந்துவிட்டார்?

"நீங்க மட்டும் எங்க எடுத்த மாமா? ஏதும் சினிமாக்காரன்ட படத்திலதானே?"

"இல்ல மனே. என்ட தம்பி. கலியாண எழுத்தன்றைக்கு, கோட் போட்டு எடுத்த படம். தலைய நான்தான் வெட்டினன்."

சண்டைக் காலத்தில் வீட்டை விட்டுப் போன தம்பி, போனவன் போனவன்தான். ஆளும் இல்லை, தகவலும் இல்லை. அவன் மனைவி இன்றும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் உடம்பு கொடுத்தவனுக்கு மட்டும் மதிலில் ஓர் அறிவித்தல் கிடையாது.

"மதில்ல அந்தத் தோளக் கண்டா, தம்பி ஊருக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கும்" என்றார்.

விஜிதரனின் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. யாருடையதும் அல்ல என்று எண்ணித்தான் அந்த உடம்பில் அவன் கைவைத்திருந்தான்.

"தம்பிட முகம் தெரியிற படம் இரிக்கா மாமா? இதில ஒண்டில கீறித் தாறன். கொண்டு போங்க."

நல்லரத்தினம் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம் மனே. முகத்த வெச்சா அறிவித்தலாப் போயிரும்."