மூன்று அல்பக்காரி

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் செசீலியா கல்யாணக் கேக்குகளுக்கு ஐசிங் பூப் போடுகிறாள். பூப் பிழியும்போது அவளுக்கு ஹெவி மெட்டல் கேட்க வேண்டும். டிரம்ஸ் அடிக்கிற அடியில் என் வீட்டு அலுமாரிக் கண்ணாடி நடுங்கும், அவள் கை மட்டும் நடுங்காது. தாண்டவன்வெளிக்கு நான் வாடகைக்கு வந்த புதிதில் இரண்டு தரம் சண்டைக்குப் போனேன். இரண்டு தரமும் கையில் பட்டர் கேக்கோடு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு எந்த வாயால் கத்துவது?

அவள் புருஷன் அன்ரோ வயரிங் வேலைக்காரன். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது மஜீட்டின் சீடிக் கடை. அன்ரோ பதியச் சொன்னது ரெட் பவுண்ட்ரி என்ற இங்கிலாந்துக் குழுவை. செசீலியா கேட்டது விண்டர் ஜூரி என்ற பின்லாந்துக் குழுவை. மஜீட் சீடியை மாற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில், யாருடைய குழு பெரிது என்று கடை வாசலில் தொடங்கிய வாய்த்தர்க்கம் கல்யாணத்துக்குப் பிறகும் ஓயவில்லை.

நான் மண்டூர்க்காரன். எங்கள் பக்கங்களில் அம்மன் கோயில் கொம்புமுறி என்றால் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும். இவர்கள் இரண்டு குழுவின் பாட்டு அல்பங்களை அப்படி இழுத்தார்கள். முதல் அல்பத்துக்கு முதல் அல்பம், இரண்டாவதுக்கு இரண்டாவது. முதல் இழுப்பில் அன்ரோவுக்கு வெற்றி, ஏனென்றால் விண்டர் ஜூரியின் முதல் அல்பம் தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து பாடியது போலக் கேட்கும். இரண்டாவதில் செசீலியா வென்றாள். மூன்றாவதிலும் அவள்தான். அதில் பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு உண்டு. அதைக் கேட்டால் எனக்குத் தலையிடி வரும், அவளுக்குக் கண்ணீர் வரும்.

நாலாவதுக்கு இழுக்க அவளிடம் கொம்பு இல்லை. மூன்றாவது அல்பத்தோடு விண்டர் ஜூரிக்காரர்கள் தங்களுக்குள் அடிபட்டுப் பிரிந்துவிட்டார்கள். ரெட் பவுண்ட்ரியோ இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று பதினான்கு போட்டுவிட்டது. பாடகன் மாறினான், இடையில் காதல் பாட்டெல்லாம் பாடிப் பார்த்தார்கள், ஒன்பதாவதைப் பற்றி அன்ரோவே வாய் திறப்பதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"நல்லதோ கெட்டதோ, என்ர ஆக்கள் வாறாங்க. உன்ர ஆக்கள் எங்க?"

"வருவாங்க. வருசா வருசம் வந்து பல்லைக் காட்டுறவனை விட, இருந்து இருந்து ஒருநாள் வாறவன்தான் மேல். எனக்குக் காத்திருக்கத் தெரியும்."

இந்தப் பேச்சைக் கேட்டு நாங்கள் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறோம்.

நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த வருடம் அன்ரோவுக்கு வேலை படுத்துவிட்டது. இரண்டு வருடம் என்று சொல்லிக் கட்டாருக்குப் போனான். இரண்டு வருடம் முடிய ஒரு மாத லீவில் வந்து, மறுபடியும் இரண்டு வருடத்துக்குப் போனான். பிள்ளைகள் இல்லை. வாவிக் காற்று வீசும் பின்னேரங்களில் அவள் தனியாகப் பூப் போடுவாள், பாட்டுச் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். எனக்கு அந்தச் சத்தத்தில் இருந்த கோபம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அது நின்றுவிட்டால்தான் பயமாக இருந்தது.

சென்ற மாதம் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு விண்டர் ஜூரி நாலாவது அல்பம் போடுகிறது. கட்டார்க் கம்பெனி அன்ரோவை இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொன்னான்?" என்று மதிலுக்கு மேலால் கேட்டேன்.

"உனக்குத்தானே காத்திருக்கத் தெரியும், விண்டர் ஜூரிக்கே காத்திருந்தவள்தானே எண்டு சிரிக்கிறார், அண்ணன்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் சிரிச்சன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளையாட்டுக்குச் சொன்ன ஒரு பேச்சை வைத்து ஒருத்தியின் ஆயுளில் இரண்டு வருடத்தை எடுப்பதா? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன் வாயால் சொன்னதற்காக வீம்புக்கு இருந்து மாய்வாள்.

அல்பம் அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. எந்த அல்பத்தையும் முதல் தரம் தனியாகக் கேட்பதில்லை என்பது அவர்களுடைய சத்தியம். கட்டாரில் வெள்ளியும் சனியும் அன்ரோவுக்கு லீவு. என் மகள் மேனுகாவின் பிறந்தநாள் கேக்கை எடுக்க நான் போனபோது, மா டின்னில் சாய்த்து வைத்த போனில் அவன் முகம் தெரிந்தது. நான் வாங்குப் பலகையில் ஓரமாக இருந்தேன்.

அல்பம் முழுவதையும் கேட்டோம். நான் ஒரு மெட்டல்காரன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், அது வேறு மாதிரி. கத்திக் கத்திக் களைத்த ஒருவன், இனிக் கத்த ஏலாது என்று தெரிந்தும் கத்துவது போல இருந்தது. முடிந்ததும் அங்கே அன்ரோ முகத்தைத் துடைத்தான்.

"என்ர பதினாலையும் கொண்டுவந்து கட்டினாலும் இதுக்கு நிக்காது. என்ர கொம்பு முறிஞ்சிற்று. நீதான் வென்ற, செசீலியா."

அவள் ஐசிங் பையைக் கீழே வைத்தாள்.

"இல்ல. நீங்கதான் வென்ற."

"என்ன விசர்க் கதை? இந்த மாதிரி ஒண்டு உலகத்திலேயே இல்ல."

"ஓம், இல்லத்தான். ஆனா பத்தொன்பது வருசம் நான் இது இல்லாமத்தானே இரிந்தன். அதை இவங்க திருப்பித் தருவாங்களா? உங்கட ஆக்கள் குப்பையைப் போட்டாலும் வந்துகொண்டு இரிந்தாங்க. நீங்க அதைப் போட்டுக் கேட்டு, பேசி, மறுகாவும் கேட்டு, சந்தோசமா இரிந்தீங்க. நான் காத்திருக்கிறதில கெட்டிக்காரி எண்டு பொய்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். எனக்குத் திறமானது ஒண்டும் வேணாம். நீங்க வாங்க. வேலை கிடைக்காட்டியும் பரவாயில்ல, வீட்ட கிடந்து என்னோட சண்டை பிடிச்சாலும் பரவாயில்ல."

அன்ரோ, "அப்ப நான் குப்பையா?" என்றான்.

"ஓம். என்ர குப்பை."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரி. நிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போடுறன்."

"இப்பவே சொல்லுங்க."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஒப்பீஸ் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில முதல் வேலையாச் சொல்லுறன். அது வரைக்கும் காத்துக்கொண்டு இரி."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இரிக்கன்," என்றாள் செசீலியா. "அதுக்கு மேல எனக்கு ஏலா."